வேகத்துக்கு எவ்வளவு? விரைவுப் படகின் காப்பீட்டுச் செலவு

படகின் விலையை விசாரித்து முடித்தவர் அடுத்த மூச்சில் கேட்பது, “இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்?” என்பதுதான். கார் என்றால் சட்டென்று சொல்லிவிடலாம். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. மீதியை ஏஜென்ட் கைப்பேசியிலேயே கணக்குப் போட்டுவிடுவார். படகுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. கப்பல், படகு ஆகியவற்றின் உடல் காப்பீட்டுக்கு இந்தியாவில் இருந்த பொதுக் கட்டணப் பட்டியல் 2005 ஏப்ரலோடு போய்விட்டது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் அனுபவத்துக்கும் அச்சத்துக்கும் ஏற்ப விலை சொல்கிறது. ஒரே படகுக்கு இரண்டு அலுவலகங்கள் சொல்லும் தொகை ஏறுமாறாக இருந்தால் யாரோ ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

பிரீமியம் செலவின் ஒரு பாதிதான். எதையெல்லாம் தரமாட்டோம் என்று பாலிசியில் எழுதியிருக்கிறதோ, அதுவும் உங்கள் செலவுதான். முதல் பாதியை வருடா வருடம் கட்டுகிறீர்கள். இரண்டாம் பாதியை விபத்து நடந்த அன்று மொத்தமாகக் கட்டுகிறீர்கள். வேகமான படகில் இந்த இரண்டாம் பாதி மிகப் பெரியது. அதனால் “எவ்வளவு” என்ற கேள்விக்கு விடை தேடும்போது ஷரத்துகளையும் விலைப்பட்டியலின் பகுதியாகவே படிக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர். இரண்டு அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் விரைவுப் படகு ஒன்றை வாங்குகிறார். வீட்டுப் பின்புறம் டிரெய்லரில் நிற்கும். விடுமுறைகளில் புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக மணமேல்குடிப் பக்கம் இழுத்துப்போய்க் கடலில் இறக்குவார். கடல் இல்லாத ஊரில் கடல் படகா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காப்பீட்டுக் கணக்கில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நூற்றுக்கு எத்தனை

பிரீமியம், படகின் மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்றுதான் சொல்லப்படும். நம் நண்பரின் படகு மதிப்பு 40 லட்சம் ரூபாய். அதில் உடல் 22 லட்சம், இரண்டு எஞ்சின்கள் 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக மட்டும் நூற்றுக்கு மூன்று என்ற விகிதத்தை எடுத்தால் பிரீமியம் 1,20,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 21,600. ஆக, வருடத்துக்கு 1,41,600 ரூபாய். விகிதம் ஒரு புள்ளி ஏறினால் வரியோடு சேர்த்து 47,200 ரூபாய் ஏறும். பேரம் பேச உட்காரும் முன் உங்கள் படகுக்கு இந்த “ஒரு புள்ளி” என்ன தொகை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வசதிக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

மதிப்பு என்று எதை எழுதுவது? 1963-ஆம் ஆண்டின் இந்தியக் கடல் காப்பீட்டுச் சட்டம் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியை அனுமதிக்கிறது. மோசடி இல்லாதவரை, அந்த ஒப்புக்கொண்ட மதிப்பை இரு தரப்பும் பிறகு மாற்றிப் பேச முடியாது. படகு முழுவதும் போய்விட்டால் அந்தத் தொகை அப்படியே வரவேண்டும். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. காரில் அது ஓரளவு செல்லும். படகில் மோசமான சிக்கனம். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் வாங்கிய படகின் பில் தொகையை அப்படியே மதிப்பாக எழுதினால், படகு மூழ்கியபின் அதே மாதிரிப் படகை அந்தப் பணத்தில் வாங்க முடியாது. மீன்பிடிப் படகுக்கு வரி ஐந்து சதவீதம்தான் என்பதால் கோட்டைப்பட்டினம் மீனவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பாலிசியில் நீங்களே சுமக்க வேண்டிய தொகை ஒன்று இருக்கும்; ஏஜென்ட்டுகள் அதை எக்ஸஸ் என்பார்கள். அதை உயர்த்தச் சம்மதித்தால் பிரீமியம் இறங்கும். சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடும் எண்ணம் இல்லையென்றால் தாராளமாக உயர்த்துங்கள். சிறு கிளெய்ம்கள் அடுத்த வருட விகிதத்தை ஏற்றிவிடும் என்பதையும் சேர்த்து யோசித்தால், எக்ஸஸை உயர்த்துவதே பெரும்பாலும் லாபம்.

17 நாட் என்ற கோடு

உல்லாசப் படகுகளுக்கான பாலிசிகள் பல இடங்களில் லண்டன் சந்தையில் உருவான 1985-ஆம் ஆண்டு ஷரத்துகளை ஒட்டியே எழுதப்படுகின்றன. அவற்றில் விரைவுப் படகுக்கு மட்டும் தனியாக ஒரு ஷரத்து. படகின் வடிவமைப்பு வேகம் 17 நாட் அளவைத் தாண்டினால் (மணிக்கு ஏறத்தாழ 31 கிலோமீட்டர்) அது விரைவுப் படகு. நீங்கள் எவ்வளவு மெதுவாக ஓட்டுகிறீர்கள் என்பது கணக்கில் இல்லை. படகால் எவ்வளவு ஓட முடியும் என்பதுதான் கணக்கு. நம் நண்பரின் இரட்டை எஞ்சின் படகு இந்தக் கோட்டைச் சாதாரணமாகத் தாண்டும். தாண்டியதும் மற்ற ஷரத்துகளுக்கு மேலாக இது வந்து உட்காரும்.

அது என்ன கேட்கிறது? படகு ஓடும்போது உரிமையாளரோ தகுதியுள்ள வேறொருவரோ உள்ளே இருந்து, படகைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். மச்சான் மகன் ஆசைப்பட்டான் என்று சாவியைக் கொடுத்தால் அன்றைக்குப் பாலிசியும் இறங்கிவிடுகிறது. பந்தயம், வேகச் சோதனை, அதற்கான ஒத்திகை ஓட்டம் எதற்கும் பணம் கிடையாது. புது எஞ்சின் மாட்டியதும் “எவ்வளவு இழுக்கிறது பார்ப்போம்” என்று முழு வேகத்தில் விடுகிறோமே, அதையும் வேகச் சோதனை என்று நிறுவனம் வாதிட முடியும். சுக்கான், தண்டு, காற்றாடி (புரொப்பெல்லர்) ஆகியவை சீற்றமான கடலாலோ தண்ணீரில் கிடக்கும் எதிலாவது பட்டோ கெட்டால் பணம் வராது; இன்னொரு படகிலோ படகுத்துறையிலோ மோதியிருந்தால்தான் பேச்சு. பாக் நீரிணையின் ஆழம் குறைந்த தண்ணீரில் காற்றாடிக்கு வருகிற சேதம் பெரும்பாலும் மணல்திட்டாலும் அறுந்து மிதக்கும் வலையாலும்தான். அதாவது இங்கே அடிக்கடி நடக்கக்கூடிய சேதம்தான் பாலிசிக்கு வெளியே நிற்கிறது. உபரிக் காற்றாடி ஒன்றின் விலையை வருடாந்தரச் செலவில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

எஞ்சின் படகுக்கு உள்ளே பொருத்தப்பட்டதானால், தானாக இயங்கும் அல்லது ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய தீயணைப்பு அமைப்பு இல்லாமல் தீ விபத்துக்கும் வெடிப்புக்கும் பணம் கேட்க முடியாது. சிவப்பு உருளை ஒன்றை மூலையில் தொங்கவிட்டால் போதாது.

அவுட்போர்டு எஞ்சினுக்கு வேறு விதமான பூட்டு. அது கழன்று கடலில் விழுந்தால் பாலிசி பொறுப்பேற்காது. திருட்டுப்போனால், வழக்கமான பிடிப்புக்கு மேலாகத் திருட்டுத் தடுப்புப் பூட்டு ஒன்று போட்டிருந்தால்தான் பணம். இவற்றைவிடப் பெரியது தேய்மானக் கழிவு. படகு முழுதாகப் போகாமல் பகுதிச் சேதம் ஆகும்போது, பெரும்பாலான மற்றப் பாகங்களுக்குப் பழையதற்குப் பதில் புதியது என்று பணம் தருபவர்கள், அவுட்போர்டு எஞ்சினுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை கழிக்கலாம். நம் நண்பரின் இரண்டு எஞ்சின்களும் போய்விட்டதாகக் கொள்வோம். 18 லட்சத்தில் ஆறு லட்சம் தேய்மானம். எக்ஸஸ் 40,000 ரூபாய். கைக்கு வருவது 11,60,000. மீதி 6,40,000 ரூபாய் அவர் பையிலிருந்து. நான்கு வருடப் பிரீமியத்தைவிட இது அதிகம். எஞ்சின் மதிப்பு பாதிக்கு அருகில் இருக்கும் படகில் விகிதத்தில் அரைப் புள்ளி குறைக்கப் பேரம் பேசுவதைவிட, முதல் இரண்டு வருடங்களுக்காவது இந்தக் கழிவை நீக்கித் தரச் சொல்லிப் பேரம் பேசுவது புத்திசாலித்தனம். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், கொடுங்கள்.

மீன்பிடிப் படகுகளிலும் எஞ்சின் சக்திதான் வம்புக்கு மூலம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 2020, விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதற்கு மேலான எஞ்சினைப் பொருத்திவிட்டு, காகிதத்தில் பழைய எண்ணையே காட்டிக் காப்பீடு எடுப்பவர் பிரீமியத்தை வீணாகக் கட்டுகிறார். உல்லாசப் படகுக்கும் இதே நியாயம். 115 குதிரைத்திறன் எஞ்சினைக் கழற்றிவிட்டு 150 போட்டால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கடல் காப்பீடு முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்று 1963 சட்டமே சொல்கிறது. அவர்கள் கேட்கவில்லையே, நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற பதில் அங்கே எடுபடாது.

படகு எங்கே தூங்குகிறது

விகிதத்தை நிர்ணயிக்கும் கேள்விகளில் வேகத்துக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. விரைவுப் படகு ஷரத்தில் இதற்கும் ஒரு வரி உண்டு: திறந்த கடற்கரைக்கு அப்பால் ஆளில்லாமல் கட்டியோ நங்கூரமிட்டோ விட்ட படகு தரைதட்டினாலும், மூழ்கினாலும், கட்டறுத்துக்கொண்டு போனாலும் பணம் கிடையாது. மணமேல்குடியிலோ மீமிசலிலோ கரைக்குச் சற்றுத் தள்ளிப் படகைக் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் போகிறவர் அந்த ஒரு மணி நேரம் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்.

நார்த்தாமலைக்காரரின் நல்ல பக்கம் இங்கேதான். அவர் படகு வருடத்தின் பெரும்பகுதி கரையில், அதுவும் கடலிலிருந்து வெகு தூரத்தில் நிற்கிறது. பாலிசிகள் படகு ஓடும் காலம், ஓய்வுக் காலம் என்று இரண்டாகப் பிரித்து எழுத இடம் தருகின்றன. அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஆட்சி செய்யும் மாதங்கள். அந்த மூன்று மாதங்களை ஓய்வுக் காலமாக அறிவித்து, படகு நிற்கும் இடத்தின் முகவரியைப் பாலிசியில் எழுதச் சொல்லி, அதற்குத் தக்க பிரீமியக் குறைப்பைக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், தானாகக் கொடுக்கும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் கார்த்திகை மாதத்தில் வெயில் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் கடலில் இறக்கிவிட்டு, அன்றைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த வாதமும் உதவாது. காப்பீட்டுச் சட்டத்தில் வாக்குறுதி என்பது எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டியது.

உள்நாடு என்றால் புயல் வராது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகளை நொறுக்கியதோடு நிற்கவில்லை. புதுக்கோட்டை நகரம் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தது. நார்த்தாமலை மேலமலையில் சாத்தன் பூதி என்பவர் கட்டிய விஜயாலய சோழீஸ்வரம் கோயிலே ஒருமுறை மழையில் சிதைந்து, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கற்றளிக்கே அந்தக் கதி. ஆகவே புளியமரத்தடியில் படகை நிறுத்தாதீர்கள். டிரெய்லரைத் தரையில் அடித்த முளைகளோடு இறுக்கிக் கட்டி, அதை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நட்டத்தைத் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை. அதற்கு ஆன நியாயமான செலவைத் திரும்பக் கேட்கவும் வழி உண்டு.

கஜாவின்போது காப்பீடு இல்லாத மீனவர்கள் அரசு நிவாரணத்தை எதிர்பார்த்து நின்றார்கள். பேரிடர் நிவாரண விதிகளில் மீனவர் படகுக்கு இடம் உண்டு. பொழுதுபோக்குப் படகுக்கு இல்லை. உங்களுக்குப் பாலிசி ஒன்றுதான்.

சாலையில் போகும்போது? திருச்சியிலிருந்து கீரனூர் வழியாக வரும்போதும், நார்த்தாமலையிலிருந்து கடலுக்குப் போகும்போதும் படகுக்கு ஏற்படும் சேதம் பாலிசியில் அடங்கியதா என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். டிரெய்லர் சாலையில் யாரையாவது இடித்தால் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் விவகாரம். படகு பாலிசி எட்டிப் பார்க்காது. இழுக்கும் வண்டியின் பாலிசியில் டிரெய்லரையும் சேர்க்க ஆகும் தொகை சிறியது.

எல்லைக்கோடு

பாக் நீரிணையில் விரைவுப் படகு வைத்திருப்பவர் வரைபடத்தைப் பாலிசியோடு சேர்த்து மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1974-லும் 1976-லும் போடப்பட்ட ஒப்பந்தங்கள் இந்திய இலங்கைக் கடல் எல்லையைக் கோடாக வரைந்துவிட்டன. 40 நாட் ஓடும் படகுக்கு அந்தக் கோடு மிகப் பக்கம். பாலிசியில் படகு ஓடக்கூடிய கடல் பரப்பு குறிப்பிடப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் காப்பீடு அங்கேயே நின்றுவிடும். பிடிப்பு, கைப்பற்றல், தடுத்து வைத்தல் எல்லாம் போர் இடர்கள் என்ற தலைப்பில் வழக்கமான பாலிசிகளில் விலக்கப்பட்டவை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன விசைப்படகுகளுக்காகப் புதுக்கோட்டைக் கரையிலும் ராமேஸ்வரத்திலும் வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. போர் இடருக்கென்று தனிக் காப்பீடு விற்கிறார்கள். ஆனால் சுங்க விதியை மீறியதற்காகப் பறிமுதல் ஆனால் அதுவும் கை கொடுக்காது. அதிவேகப் படகு என்றாலே கடலோரக் காவல் படையும் சுங்கத் துறையும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கும் கடல் இது. அந்தக் கூடுதல் காப்பீட்டுக்குப் பணம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். நல்ல ஜிபிஎஸ் கருவிக்கு அதைச் செலவழியுங்கள்.

மற்றவர் உயிர்

2024 டிசம்பர் 18 அன்று மும்பையில், எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை விரைவுப் படகு ஒன்று, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த நீல்கமல் பயணிகள் படகில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு மூன்றாம் நபர் பொறுப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நபர் பொறுப்புக்கான வரம்பை, படகின் மதிப்பளவோடு நிறுத்திவிடாமல், எவ்வளவு உயரமாக வாங்க முடியுமோ அவ்வளவு வாங்குங்கள். மொத்தச் செலவில் இதற்கு ஆகும் கூடுதல், உடல் காப்பீட்டோடு ஒப்பிட்டால் அதிகமாக இராது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. படகின் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்படும் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் மீண்டும் பத்திரமாகப் படகில் ஏறும்வரை அவர்கள் விஷயத்தில் பொறுப்பு கிடையாது. உங்களிடம் சம்பளம் வாங்கும் டிரைவருக்கு இந்தப் பாலிசி பொருந்தாது. பணியாளர் இழப்பீட்டுக்கென்று தனிப் பாலிசி எடுக்க வேண்டும். மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் மீனவர்களுக்கு, அவர்கள் பிரீமியம் எதுவும் கட்டாமலே, மரணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலிருந்து டிரைவர் வருகிறார் என்பதால் அதை நம்பி உங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

வாடகைக்கு விட்டால் கதையே மாறும். இந்தப் பாலிசி சொந்த உல்லாசத்துக்கு மட்டும். பொங்கல் விடுமுறையில் ஆளுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு சுற்று அழைத்துப்போனாலும் அது வாடகைதான். அணை, ஏரி, உப்பங்கழி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் எஞ்சின் படகு ஓட்ட 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்கான பாலிசியின் வடிவமும் விலையும் வேறு.

கிளெய்ம் என்று வந்தால்

பிரீமியம் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேரும்வரை இடர் அவர்களுடையது ஆகாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. காசோலை திரும்பினால் பாலிசியும் திரும்பியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வங்கி வழியாக அனுப்பிவிட்டு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சேதம் ஆனதும் படகைக் கரையேற்றிப் பத்திரப்படுத்திவிட்டு உடனே தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்முன் பழுது பார்க்கத் தொடங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் முங்கிய எஞ்சினை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, எண்ணெய் போட்டு வைக்கலாம்; அது நட்டத்தைக் குறைக்கும் கடமையில் சேரும், ஆனால் அலசும்முன் படம் எடுங்கள். அலையில் முங்கியதால் எஞ்சின் கெட்டது என்றால் கிளெய்ம். ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நின்றது என்றால் அது இயந்திரக் கோளாறு, உங்கள் செலவு. சர்வேயரிடம் சொல்லும் முதல் வாக்கியம் எழுத்தில் ஏறிவிடும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையில், ஊகம் சேர்க்காமல் சொல்லுங்கள். பதிவுச் சான்று, எஞ்சின் எண்கள் தெரியும் பில், பூட்டின் பில், சர்வீஸ் ரசீதுகள், அன்றைய வானிலை எச்சரிக்கை ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். படகிலேயே அந்த உறையை வைக்காதீர்கள்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; எந்த ஷரத்து என்ற எண்ணோடு. முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. அவர் வழங்கக்கூடிய தொகையின் வரம்பு 2023-இல் 30 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்ந்தது. நம் நண்பரின் 40 லட்சம் ரூபாய்ப் படகு அதற்குள் அடங்கும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.